காசிமேட்டு கழிவுக் குவியலில் கிடைத்த ‘குடித்தனக்காரர்’!

வலையில் வந்தால் கோழித் தீவனம். வீட்டுத் தொட்டியில் வைத்தால்? வடசென்னையில் ஒரு மீனவக் குடும்பம் கும்பிடுபூச்சி இறாலுக்கு இடம் கொடுத்த கதை இது.

விடியற்காலை நான்கு மணி. சென்னையின் மற்ற பகுதிகள் போர்வைக்குள் இருக்கும் நேரத்தில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நடக்கக்கூட இடம் இருக்காது. விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. ஒரு பக்கம் ஐஸ் உடைபடும் சத்தம், இன்னொரு பக்கம் ஏலக் குரல். வஞ்சிரம், சங்கரா, நண்டு, இறால் என்று கூடைகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. கால் வைக்கும் இடமெல்லாம் ஈரம்.

கூடைகளுக்குப் போகாத ஒரு குவியலும் அங்கே உண்டு. விரல் நீள மீன்கள், உடைந்த நண்டுக் கால்கள், சிப்பி, பெயர் தெரியாத உயிரினங்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். இழுவை வலை கடலடியை வாரிக்கொண்டு வரும்போது கூடவே வருபவை இவை. ராமநாதபுரம் பக்கம் ‘சங்காயம்’ என்பார்கள். மீன் மாவுக்கும் கோழித் தீவனத்துக்கும் போய்விடும்.

அந்தக் குவியலைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தெரியும். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். இறாலைத் தட்டையாக அழுத்தியது போன்ற உடம்பு. முன்னால், வயல்வெளியில் பார்க்கும் கும்பிடுபூச்சியைப் போலவே மடித்து வைத்த இரண்டு கைகள். வாலில் வரிசையாக முட்கள். ஆங்கிலத்தில் இதை மாண்டிஸ் ஷ்ரிம்ப் என்கிறார்கள். தமிழில் கும்பிடுபூச்சி இறால் எனலாம்.

“முப்பது வருஷமா இதைக் கையால தள்ளிவிட்டுக்கிட்டு இருக்கேன். எத்தனை தடவை கிழிச்சிருக்கு தெரியுமா?” என்று வலது கையை விரித்துக் காட்டுகிறார் விசைப்படகுத் தொழிலாளி ஒருவர். பெருவிரலுக்குக் கீழே இரண்டு வெள்ளைத் தழும்புகள். “பூச்சி! அவ்ளோதான். இதையா என் புள்ள வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தான்னு இருந்துச்சு.”

ஆமாம். அவருடைய மகன் அதைத்தான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பூச்சியும் இல்லை, இறாலும் இல்லை

பெயரில் கும்பிடுபூச்சி இருந்தாலும் இது பூச்சி அல்ல. இறால் இருந்தாலும் இறால் அல்ல. நண்டு, இறால் எல்லாம் உள்ள கடின ஓட்டுக் குடும்பத்தில், சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தனிக்குடித்தனம் போய்விட்ட கிளை. உலகம் முழுக்க 450-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன.

வேட்டையாடும் விதத்தை வைத்து இவற்றை இரண்டு கட்சியாகப் பிரிக்கலாம். ஒன்று ‘சம்மட்டி’ கட்சி. முன்னங்கையில் குண்டாந்தடி போன்ற முட்டி இருக்கும். நத்தை, நண்டு, சிப்பி ஓடுகளை அடித்து உடைத்துத் தின்னும். பவளப்பாறைப் பொந்துகளில் வசிக்கும். இணையத்தில் வீடியோக்களாகச் சுற்றும் பச்சை, சிவப்பு, நீலம் கலந்த மயில் மாண்டிஸ் இறால் இந்தக் கட்சிதான்.

இன்னொன்று ‘ஈட்டி’ கட்சி. இவற்றின் கையில் முள் வரிசை இருக்கும். சேற்றிலும் மணலிலும் வளை தோண்டி, வாசலில் கண்ணை மட்டும் நீட்டிக் காத்திருக்கும். மீனோ இறாலோ அருகில் வந்தால் ஒரே குத்து, உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் கடற்கரையில் இழுவை வலைக்கு அதிகம் சிக்குவது சேற்றில் வாழும் இந்த ஈட்டிக்காரர்கள்தான்.

மூன்று நாளில் முடிந்த முதல் கதை

துறைமுகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது அந்த வீடு. ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. ஹாலில் ஃபிரிட்ஜுக்கும் டி.வி-க்கும் நடுவே மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஏ.சி. மெக்கானிக் வேலை பார்க்கும் மகன்தான் அதற்குச் சொந்தக்காரர். பெயர் வெளியே வர வேண்டாம் என்று கூச்சத்தோடு கேட்டுக்கொண்டார்.

“யூடியூபுல மயில் கலர்ல ஒண்ணு நண்டை அடிச்சு நொறுக்குற வீடியோ பார்த்தேன். அட, இது நம்ம அப்பா தள்ளிவிடுற பூச்சியோட சொந்தக்காரன் ஆச்சேன்னு தோணுச்சு. மறுநாளே ஒரு பக்கெட்டோட ஹார்பருக்குப் போயிட்டேன்” என்கிறார்.

கடைசி இழுப்பில் வந்து இன்னும் துடித்துக்கொண்டிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டார். துறைமுக ஓரத்திலேயே தண்ணீரும் மொண்டுகொண்டார். தங்க மீன் வளர்த்த பழைய தொட்டியைக் கழுவி, அந்தத் தண்ணீரை ஊற்றி விட்டுவிட்டார். மூன்றாம் நாள் காலையில் அது மல்லாந்து கிடந்தது.

இரண்டாவது கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. ‘தொட்டி காலியாக இருக்கிறதே’ என்று கூடவே இரண்டு சின்னக் கடல் மீன்களை வாங்கி விட்டார். ஒரு வாரத்தில் ஒரு மீனைக் காணோம். மிச்சமிருந்த மீனின் மேல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து வாங்கி ஊற்றினார். மீன் பிழைத்தது. கும்பிடுபூச்சி இறால் மறுநாள் செத்துப்போனது.

“அப்போதான் அம்மா ஒரு வார்த்தை சொன்னாங்க. ‘குவியல்ல கிடந்திருந்தா அன்னிக்கே போய்ச் சேர்ந்திருக்கும். நீ கொண்டு வந்து நாள் கணக்குல சாவடிக்கிற’ன்னு. ரெண்டு நாள் சரியா சாப்பிடல நான்.”

தொட்டியை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்துத்தான் கொளத்தூருக்குக் கிளம்பியிருக்கிறார்.

கொளத்தூர் கொடுத்த பாடம்

காசிமேட்டிலிருந்து ராயபுரம், பெரம்பூர் வழியாக பேப்பர் மில்ஸ் சாலையைப் பிடித்தால் கொளத்தூர். மீனை ஐஸில் வைத்து விற்கும் ஊரிலிருந்து, மீனை ஆக்சிஜன் அடைத்த கவரில் விற்கும் ஊருக்குப் போகிற பயணம் இது. வண்ண மீன் வியாபாரத்தில் நாட்டிலேயே பெயர்பெற்ற இடம். தெருவுக்குத் தெரு கண்ணாடித் தொட்டிகள். கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ், தனித்தனி டப்பாக்களில் முறைத்துக்கொண்டிருக்கும் ஃபைட்டர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கவரை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தபடி நடக்கும் குழந்தைகளை நிறையப் பார்க்கலாம்.

இங்கே பெரும்பாலும் நன்னீர் மீன்கள்தான். கடல் மீன் தொட்டி என்பது தனிச் சங்கதி. அதில் அனுபவம் உள்ள ஒரு கடைக்காரரிடம்தான் நம் ஏ.சி. மெக்கானிக் போய்ச் சேர்ந்தார். நடந்ததைக் கேட்ட கடைக்காரர் தொட்டியை விலை பேசவில்லை. கேள்விகளாகக் கேட்டார்.

“தொட்டியில தண்ணி ஊத்தி எத்தனை நாள் கழிச்சு தம்பி அதை விட்டே?”

“அன்னிக்கேண்ணே.”

“மருந்து டப்பால காப்பர்னு போட்டிருந்துச்சா?”

“பார்க்கலண்ணே.”

“அதான் விஷயம். மீனுக்கு அது மருந்து. இறால், நண்டு ஜாதிக்கு அது விஷம்.”

முதல் சாவுக்கும் அவரே காரணம் சொன்னார். எந்த உயிர் கழிவு போட்டாலும் தண்ணீரில் அம்மோனியா சேரும். அதைத் தின்று நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாக ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மணலிலும் ஃபில்டரிலும் குடியேற வேண்டும். அதற்கு நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் உயிரை விட்டால், அது தன் கழிவிலேயே மூச்சுத் திணறிவிடும். போதாததற்கு, படகுகளின் டீசலும் எண்ணெயும் மிதக்கிற துறைமுகத் தண்ணீர் வேறு.

கடைசியாக அந்தக் கடைக்காரர் சொன்னதுதான் முக்கியம். “பார்த்து ரசிக்கணும்னா கோல்டு ஃபிஷ் வாங்கிட்டுப் போ தம்பி. நீ சொல்ற ஜீவன் ஒளிஞ்சு வாழுறது. அதுக்கு ஒளிய இடம் கட்டிக் குடுக்க மனசிருந்தா மட்டும் வளர்த்துப் பாரு.”

தொட்டி விற்பனைக்குப் போகவில்லை. உப்பு அளக்கும் கருவியும் அம்மோனியா பார்க்கும் டெஸ்ட் கிட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

பி.வி.சி. குழாயில் ஒரு வீடு

இந்த முறை வீட்டைக் கட்டிவிட்டுத்தான் ஆளைக் கூப்பிட்டார். தொட்டியில் மெல்லிய மணலை அரை அடி உயரத்துக்கு நிரப்பினார். ஹார்டுவேர் கடையில் வாங்கிய ஒன்றரை இஞ்ச் பி.வி.சி. குழாயை இரண்டு எல்போ போட்டு ‘ப’ வடிவத்தில் இணைத்து மணலுக்குள் புதைத்தார். இரண்டு வாய்கள் மட்டும் வெளியே. கடலடியில் இந்த ஈட்டிக்காரர்கள் தோண்டும் வளைக்கும் இரண்டு வாசல் உண்டு.

தண்ணீர்? அதற்கு அப்பா உதவிக்கு வந்தார். கரையிலிருந்து தள்ளிப்போனதும் தெளிந்த கடல் தண்ணீரை இரண்டு கேன்களில் பிடித்து வந்து கொடுத்தார். “டீசல் விக்கிற விலையில உன் பூச்சிக்குத் தண்ணி லாரி ஓட்டுறேன்டா” என்று திட்டிக்கொண்டேதான்.

ஒரு மாதத்துக்கு மேல் தொட்டி வெறும் தண்ணீராகவே ஓடியது. அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்து நின்ற பிறகு, ஒரு குளிர்காலக் காலையில் மூன்றாவது ஆள் வந்து சேர்ந்தார். விட்ட இரண்டு நிமிடத்தில் குழாய்க்குள் போனவர், நான்கு நாள் வெளியே வரவேயில்லை.

பள்ளிக்கூடம் போகும் தங்கைதான் பெயர் வைத்தது. “மூஞ்சியும் காட்ட மாட்டேங்குது, வாடகையும் தர மாட்டேங்குது. குடித்தனக்காரர்!”

பகலில் குடித்தனக்காரர் தூக்கம். இரவு ஹால் விளக்கை அணைத்த பிறகுதான் வாசலில் இரண்டு கண்கள் எழும்பும். காம்பின் மேல் உட்கார்ந்த கண்கள். ஒன்று இடப்பக்கம் பார்க்கும், அதே நேரம் இன்னொன்று கூரையைப் பார்க்கும். மனிதக் கண்ணில் நிறம் அறியும் செல் வகைகள் மூன்று. கும்பிடுபூச்சி இறால்களில் பல வகைகளுக்கு ஒளி உணரும் செல் வகைகள் 12 முதல் 16 வரை. ‘அப்படியானால் நம்மைவிடப் பல மடங்கு நிறம் பார்க்கும்’ என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2014-ல் ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, ஒன்றுக்கொன்று நெருக்கமான நிறங்களைப் பிரித்துக் காண்பதில் நம்மைவிட இவை பின்தங்கியே இருந்தன. நிதானமாக ஒப்பிட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டு, பார்த்த மாத்திரத்தில் நிறத்தை அடையாளம் கண்டுகொள்ளும் முறை இது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

கண்ணாடி உடையுமா?

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. காரணம் அந்த மயில் இறால் வீடியோக்கள்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லியில் ஷீலா படேக் குழுவினர் அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மயில் மாண்டிஸ் இறாலின் குத்து வினாடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போகிறது. மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேல்! அந்த வேகத்தில் தண்ணீரில் நீராவிக் குமிழ்கள் உருவாகி வெடிப்பதால், ஒரே குத்தில் இரண்டு அடி விழுகிறது. தசை மட்டும் இதைச் செய்வதில்லை. வில்லை வளைத்துப் பூட்டி வைத்து விடுவிப்பது போன்ற ஒரு ஸ்பிரிங் அமைப்பு கைக்குள் இருக்கிறது. 1998 ஏப்ரலில் இங்கிலாந்தில் ‘டைசன்’ என்று பெயரிடப்பட்ட ஒரு மயில் இறால், கால் இஞ்ச் கனமுள்ள கண்ணாடியையே உடைத்துச் செய்திகளில் இடம்பிடித்தது.

ஆனால், காசிமேட்டுக் குடித்தனக்காரர் ஈட்டிக் கட்சி. அளந்து பார்த்த ஈட்டிக்காரர்களின் வேகம் சம்மட்டிக்காரர்களைவிடக் குறைவுதான். கண்ணாடிக்குப் பயமில்லை, விரலுக்குத்தான் பயம். அதனால் தொட்டிக்குள் கை விடுவதில்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். நீளமான இடுக்கியில்தான் சாப்பாடு.

வெளிநாடுகளில் இவை பல வீடுகளுக்கு அழையா விருந்தாளியாகவே நுழைகின்றன. கடல் தொட்டியை அலங்கரிக்க ‘லைவ் ராக்’ எனப்படும் பவளப்பாறைத் துண்டுகளை வாங்குவார்கள். அதன் பொந்தில் ஒன்று ஒளிந்து வரும். இரவில் ‘டக்… டக்…’ என்று சத்தம் கேட்கும், ஒவ்வொரு மீனாகக் காணாமல் போகும், அப்புறம்தான் விஷயம் தெரியும். நம் நாட்டில் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளவை. உயிரோ, காய்ந்த துண்டோ, எடுத்தாலும் விற்றாலும் குற்றம். அதனால்தான் இந்தத் தொட்டியில் மணலும் பிளாஸ்டிக் குழாயும் மட்டும்.

61 நாள் சோதனை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்பாவும் வீட்டில் இருந்தார். குடித்தனக்காரரை அவர் முழுதாகப் பார்த்தது அப்போதுதான்.

தடைக்காலத்தில் இறால் விலை ஏறும். “நமக்கே குழம்புல போட எறா இல்ல, அதுக்கு எறாவா?” என்று அம்மா கேட்டார். இரண்டு நாளுக்கு ஒரு சின்னத் துண்டு போதும் என்று மகன் சமாதானம் சொன்னார். நான்கைந்து நாளில், சமைக்கும்போது ஒரு துண்டை அம்மாவே எடுத்து ஃபிரீசரில் வைக்க ஆரம்பித்திருந்தார்.

மே மாதம் வந்தது. தொட்டித் தண்ணீரின் வெப்பம் 32 டிகிரியைத் தொட்டது. தண்ணீர் சூடானால் அதில் ஆக்சிஜன் குறையும். தொட்டியைக் குளிரவைக்கும் சில்லர் மெஷினுக்குக் கையில் பணமில்லை. ஏ.சி. மெக்கானிக் மூளை வேலை செய்தது. தண்ணீரின் மேற்பரப்பில் காற்று படுவது போல டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார். ஆவியாகும்போது வெப்பம் இரண்டு, மூன்று டிகிரி இறங்கியது. ஆனால், தண்ணீர் குறையும்போது உப்பு மட்டும் தங்கிவிடும். அதனால் தினமும் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினார். கடல் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

ஒரு இரவு கரன்ட் போனது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்… வரவில்லை. மோட்டார் நின்றால் தண்ணீரில் காற்று நிற்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் அரை மணியில் மூச்சை விட்டது. மகன் வேலை விஷயமாக வெளியூரில். வீட்டில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து போய், ஒரு சொம்பை எடுத்தார். தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, மறுபடி அதிலேயே ஊற்றினார். மொண்டு மொண்டு ஊற்றினார். விடியற்காலை கரன்ட் வரும்வரை.

“படகுல உயிர் எறா பிடிச்சா அப்படித்தான் செய்வோம். வேற என்ன செய்றது?” என்கிறார், அது பெரிய விஷயமில்லை என்பது போல.

அதற்கு அடுத்த வாரம் குடித்தனக்காரர் சாப்பாட்டைத் தொடவில்லை. குழாயின் இரண்டு வாயையும் மணல் தள்ளி அடைத்துக்கொண்டார். ஒரு வாரம் கடந்தது. ஒரு நாள் காலை, மணலைத் தள்ளிக்கொண்டு ஓர் உடம்பு வாசலில் கிடந்தது. கண், கை, வால் முள் எல்லாம் இருந்தன, அசைவு மட்டும் இல்லை. தங்கை அழுதுவிட்டாள்.

மகன் இடுக்கியால் தூக்கிப் பார்த்தார். எடையே இல்லை. முதுகில் ஒரு பிளவு, உள்ளே காலி. சட்டை!

நண்டைப் போல இவையும் வளரும்போது ஓட்டைக் கழற்றிப் போடும். புது ஓடு கெட்டிப்படும்வரை உடம்பு மெத்தென்றிருக்கும், கையால் தாக்க முடியாது. அந்த நிலையிலும் சில வகைகள் வளைக்கு யாராவது வந்தால் கையை விரித்து மிரட்டும் என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அடிக்கத் தெம்பில்லாதபோது காட்டுகிற வெறும் வீறாப்பு.

மகன் டார்ச்சை அணைத்து, தொட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடினார். ஐந்து நாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

வளர்க்க ஆசையா? முதலில் இதைப் படியுங்கள்

• கும்பிடுபூச்சி இறாலைத் தனியாகத்தான் வைக்க வேண்டும். கூட விடும் மீன், நண்டு எல்லாம் அதன் சாப்பாடு.

• தொட்டி தயாராக 4 முதல் 6 வாரம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமான பிறகே உயிரை விட வேண்டும்.

• உப்பின் அடர்த்தி 1.025-ஐ ஒட்டியும், வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள்ளும் இருப்பது நல்லது.

• குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். நேராக ஊற்ற வேண்டாம். காப்பர் கலந்த மருந்து கூடவே கூடாது.

• மூடி அவசியம். குழந்தைகள் கை எட்டாத உயரமும் அவசியம்.

• தின்னாமல் ஒளிந்திருந்தால் தோண்டிப் பார்க்காதீர்கள். சட்டை உரிக்கும் நேரமாக இருக்கலாம்.

• பவளப்பாறைத் துண்டு, தேசியப் பூங்கா கடல் பகுதியில் பிடித்த உயிர் எதையும் வாங்காதீர்கள்.

• எல்லாவற்றுக்கும் மேல், இது பெரும்பாலான நேரம் கண்ணில் படாது. அது பரவாயில்லை என்றால் மட்டும்.

தடை முடிந்தது

ஜூன் 15 அதிகாலை காசிமேட்டில் மறுபடி கூட்டம், ஏலம், ஐஸ் சத்தம். படகுகள் கிளம்பின. முதல் வலை வந்ததும் குவியலும் வந்தது. அதில் கும்பிடுபூச்சி இறால்களும் இருந்தன, வழக்கம் போல நிறைய.

“தனியா இருக்குதே, ஜோடிக்கு ஒண்ணு கொண்டு வரட்டுமாடா?” என்று அப்பா போனில் கேட்டிருக்கிறார்.

“வேணாம்ப்பா. ஒண்ணுக்கே இந்தப் பாடு. இன்னொண்ணை விட்டா சண்டை போட்டுச் சாவும்.”

“இங்க மட்டும் என்ன வாழுதாம்?”

மகனிடம் அதற்குப் பதில் இல்லை. வலை எல்லாவற்றையும்தான் அள்ளுகிறது. அந்த வலையில்தான் வீட்டு அரிசியும் தங்கையின் ஃபீஸும் வருகிறது. ஒன்றைக் காப்பாற்றிவிட்டோம் என்று பெருமைப்பட இதில் எதுவும் இல்லை என்கிறார் அவர். “ஒரு உயிருக்கு இடம் குடுக்க எவ்ளோ மெனக்கெடணும்னு தெரிஞ்சுது. அவ்ளோதாங்க.”

துண்டை எடுத்த அன்று இரவு, ஹாலில் எல்லா விளக்கும் அணைந்திருந்தது. நான்கு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மகன் டார்ச்சில் சிவப்பு பேப்பர் ஒட்டிக் காட்டினார். குழாய் வாயில் மணல் லேசாக அசைந்தது. ஒரு கண் எழுந்தது. பிறகு இன்னொன்று. முன்பைவிடக் கொஞ்சம் பெரியதாக.

“ஏண்டி, இறாலை ஃபிரீசர்லேர்ந்து எடுத்து வெளிய வெச்சியா?” என்றார் அப்பா.